ஊதிப் பார்த்தால் தெரியாத போதை

(பன்னிரண்டாம் வகுப்பு, அறிவியல் பிரிவு மாணவியர்)

சாலைப் பாதுகாப்பு மாதத்தை முன்னிட்டு ஜனவரித் திங்களில் போக்குவரத்துக் காவல் ஆய்வாளர் ஒருவர் எங்கள் பள்ளிக்கு வந்து உரையாற்றினார். உரை முடிந்ததும், தாம் கொண்டுவந்திருந்த ஒரு கருவியை உயர்த்திக் காட்டினார். கைப்பேசியைவிடச் சற்றுப் பருமனானது. ஒரு முனையில் வெள்ளைக் குழல். குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களைப் பிடிக்கும் கருவி அதுதான் என்றார். முன் வரிசையில் அமர்ந்திருந்த எங்களில் ஒருத்தியை அழைத்து ஊதச் சொன்னார். திரையில் பூச்சியம் வந்தது. அரங்கமே கைதட்டியது. அவளும் ஏதோ பரிசு வாங்கியவளைப் போலத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

அப்போது பின் வரிசையிலிருந்து ஒரு கேள்வி எழுந்தது: "சார், கஞ்சா குடித்துவிட்டு ஓட்டுகிறவனையும் இது காட்டிக் கொடுக்குமா?"

"காட்டாதும்மா. அவன் ஊதினாலும் உன் தோழிக்கு வந்த மாதிரி பூச்சியம்தான் வரும்" என்றார் ஆய்வாளர்.

கைதட்டல் அடங்கிய பிறகும் அந்தப் பதில் எங்கள் மனத்தை விட்டு அகலவில்லை. நாங்கள் நாள்தோறும் வேனிலும் பேருந்திலும் ஆட்டோவிலும் வருகிறவர்கள். எதிரே வரும் லாரியை ஓட்டுகிறவரின் தலைக்குள் என்ன இருக்கிறது என்பது எங்கள் உயிரைப் பொறுத்த செய்தி. குடியைக் கண்டுபிடிக்கும் கருவிக்குப் போதைப்பொருளைக் கண்டுபிடிக்க ஏன் இயலவில்லை? வேதியியல் ஆசிரியை சிஸ்டரைக் கேட்டோம். "நீங்களே படித்து வந்து எனக்குச் சொல்லுங்கள்" என்றார். அவ்வாறு படித்ததையே இங்கு எழுதுகிறோம்.

முதலில் மதுவைப் பார்ப்போம். சாராயத்தின் மூலக்கூறு மிகச் சிறியது. நீரில் நன்கு கரையும், எளிதில் ஆவியாகும். குடித்தது குடலிலிருந்து இரத்தத்தில் கலந்து, இரத்தத்தோடு நுரையீரலுக்கு வந்து, அங்கே மூச்சுக் காற்றில் ஆவியாகக் கலக்கிறது. ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் எவ்வளவு சாராயம் உள்ளதோ, ஏறக்குறைய அவ்வளவும் 2,100 மில்லி லிட்டர் ஆழ்ந்த மூச்சில் இருக்கும். ஆகவே, மூச்சை அளந்தால் இரத்தத்தை அளந்ததற்கு ஒப்பாகும். ஊசி வேண்டியதில்லை, மருத்துவர் வேண்டியதில்லை.

பொட்டாசியம் டைக்குரோமேட் என்னும் ஆரஞ்சு நிறப் பொருளைச் சாராயம் பச்சையாக்கும் என்பதை எங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்ணாரக் கண்டிருக்கிறோம். அமெரிக்காவில் இந்தியானா மாநிலக் காவல்துறையில் பணியாற்றிய ராபர்ட் போர்கென்ஸ்டைன் என்பவர் 1954-இல் அமைத்த மூச்சுக் கருவி, இதே நிற மாற்றத்தை ஒளியைக் கொண்டு அளந்தது. இன்று ஆய்வாளர்களின் கையில் இருக்கும் கருவிகளிலோ, சாராயம் பிளாட்டினத் தகட்டின் மேல் ஆக்சிஜனேற்றம் அடைந்து சிறு மின்னோட்டம் உண்டாக்குகிறது. மின்னோட்டம் எவ்வளவோ அவ்வளவு குடி!

(இங்கே ஒரு சிறு செய்தி. தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களில் இயல்பாகவே சாராயம் உண்டு. குடித்த கையோடு ஊதினால் வாயில் ஒட்டியிருப்பதே கருவியில் தெரிந்துவிடும். கால் மணி நேரம் பொறுத்து மறுபடி ஊதச் சொன்னால் உண்மை விளங்கும். எங்கள் பாட்டிமார்கள் அஞ்ச வேண்டியதில்லை.)

மதுவுக்கு மற்றொரு வசதியும் உண்டு. அளவு கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது. அதே போர்கென்ஸ்டைன், மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் 1962, 1963-ஆம் ஆண்டுகளில் பல்லாயிரம் ஓட்டுநர்களைச் சோதித்தார். விபத்துக்குள்ளானவர்களையும், விபத்தின்றி அவ்வழியே சென்றவர்களையும் ஒப்பிட்டு, இரத்தத்தில் இவ்வளவு மது இருந்தால் விபத்து இத்தனை மடங்கு என்று காட்டினார். அதன் பின்னரே நாடுகள் பலவும் எண்ணைத் துணிந்து சட்டத்தில் எழுதலாயின. பிரிட்டனில் 1967-ஆம் ஆண்டின் சட்டம் 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்றது. நம் நாட்டின் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 30 மில்லிகிராமோடு நிறுத்திக்கொண்டது. நம்முடையது கடுமையான சட்டம் என்பதில் எங்களுக்குப் பெருமையே.

இப்பொழுது கஞ்சாவுக்கு வருவோம். அதில் மயக்கம் தரும் பொருளின் பெயர் டி.எச்.சி. இஸ்ரேல் நாட்டு அறிஞர்களான ரஃபேல் மெக்கூலமும் யெகியேல் காவோனியும் 1964-இல் அதைத் தனியே பிரித்தெடுத்தனர். அது சாராயத்துக்கு எல்லா வகையிலும் நேர்மாறானது. நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். உடல் வெப்பத்தில் ஆவியாகாது. ஆகவே மூச்சில் வருவது மிக மிக நுண்ணிய துளிகளில் ஒட்டிக்கொண்டு வரும் தூசளவே. எவ்வளவு குறைவு என்பதை நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். நம் சட்டத்தின் மது எல்லையை ஒரு லிட்டர் இரத்தத்துக்கு மாற்றினால் 300 மில்லிகிராம், அதாவது 3 லட்சம் மைக்ரோகிராம். இங்கிலாந்தில் டி.எச்.சி.க்கு வைத்துள்ள எல்லையோ லிட்டருக்கு 2 மைக்ரோகிராம். ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு! ஒரு லாரி நெல்லில் ஒரு பிடி அரிசியைத் தேடுவதைவிடக் கடினமான வேலை இது.

தேடிக் கண்டுபிடித்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அந்த எண்ணுக்கு என்ன பொருள்? உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

கஞ்சாவைப் புகைத்தவரின் இரத்தத்தில் டி.எச்.சி. சில நிமிடங்களிலேயே உச்சத்துக்கு ஏறிவிடும். பிறகு அதே வேகத்தில் இறங்கும். ஒரு மணி நேரத்துக்குள் பெரும் பகுதி இரத்தத்தை விட்டுப் போய்விடும். போவது எங்கே? மூளைக்கும் கொழுப்புக்கும். ஆகவே இரத்தத்தில் அளவு குறைந்த பின்னரும் மயக்கம் சில மணி நேரம் நீடிக்கும். விபத்து நடந்து, காவலர் வந்து, காயம்பட்டவரை மருத்துவமனைக்கு அனுப்பி, பிறகு ஓட்டுநரை அழைத்துச் சென்று மருத்துவரைக் கொண்டு இரத்தம் எடுப்பதற்குள் இரண்டு மணி நேரம் எளிதாக ஓடிவிடும். அப்போது வரும் எண், விபத்து நேர்ந்த கணத்தின் எண் அன்று.

இதற்கு நேர் எதிரான வேடிக்கையையும் பாருங்கள். நாள் தவறாமல் பல காலம் புகைத்து வந்த ஒருவர் அப்பழக்கத்தை அடியோடு நிறுத்திவிடுகிறார். அவர் உடலின் கொழுப்பில் சேர்ந்திருந்தது சிறுகச் சிறுக இரத்தத்துக்குத் திரும்பி வருகிறது. நிறுத்தி ஒரு மாதம் வரைகூடச் சிலருடைய இரத்தத்தில் டி.எச்.சி. காணப்பட்டிருக்கிறது. சிறுநீரிலோ அதன் கழிவுப் பொருள் வாரக்கணக்கில் தங்கும். இவர் தெளிந்த தலையோடு ஓட்டுகிறார். எண்ணோ இவரைக் குற்றவாளி என்கிறது. அரை மணிக்கு முன் முதன்முதலாகப் புகைத்துவிட்டுத் தள்ளாடும் இளைஞன் ஒருவன் இரண்டு மணி நேரம் கழித்து இவரைவிடக் குறைந்த எண்ணோடு தப்பினாலும் வியப்பதற்கில்லை.

இதனால்தான் ஒரே பொருளுக்கு நாட்டுக்கு நாடு வேறு வேறு எல்லை. கனடாவில் 2018 முதல் இரத்தத்தின் மில்லி லிட்டருக்கு 2 நானோகிராம் ஒரு படி, 5 நானோகிராம் அதைவிடக் கடுமையான படி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 5. ஜெர்மனியில் இரத்தச் சீரத்தை அளக்கிறார்கள்; அங்கே நெடுங்காலம் 1 என்றிருந்ததை 2024-இல் 3.5 ஆக்கினார்கள். இவர்களில் யாரும் அறியாதவர்கள் அல்லர். மதுவுக்குக் கிராண்ட் ராபிட்ஸில் கிடைத்தது போன்ற தெளிவான ஏணி கஞ்சாவுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவே.

கஞ்சா ஒன்று மட்டுமா? அபினி வகைகள், தூக்க மாத்திரைகள், கொக்கைன், இரவெல்லாம் விழித்து ஓட்டுவதற்காகச் சிலர் விழுங்கும் ஊக்க மருந்துகள் எனப் பட்டியல் நீளும். ஒன்று உறங்க வைக்கும். மற்றொன்று உறக்கத்தைத் துரத்தி அளவற்ற துணிச்சலைத் தந்து, வேகம் அடங்கியதும் நூறு மடங்கு சோர்வோடு ஆளைக் கீழே தள்ளும். இரண்டையும் கலந்து உட்கொள்பவரும் உண்டு. இத்தனைக்கும் ஒரே குழல் எப்படிப் போதும்?

மூச்சு உதவாததால் உமிழ்நீரை நாடினர். இதில் முன் சென்றது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். சாலையில் போகிற எவரையும் நிறுத்தி உமிழ்நீரில் போதைப்பொருளைத் தேடும் முறையை அங்கே டிசம்பர் 2004-இல் தொடங்கினர். கருவியின் உள்ளே இருப்பது நமக்குப் புதியதன்று. கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சியை விட்டு, பட்டையில் கோடு விழுகிறதா என்று நெஞ்சு படபடக்கப் பார்த்தோமே, அந்த வகைதான். குறிப்பிட்ட வடிவமுள்ள மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள் பட்டையில் உள்ளன. புகைத்தவரின் வாயில் டி.எச்.சி. படிந்திருக்கும், ஆகவே உமிழ்நீர், சிறுநீரைப் போல என்றோ நடந்ததைச் சொல்லாமல், அண்மையில் நடந்ததைச் சொல்கிறது. இது பெரிய நன்மை.

குறைகளும் உண்டு. கஞ்சா வாயை உலர்த்திவிடும். எவருடைய உமிழ்நீர் வேண்டுமோ அவருக்கே உமிழ்நீர் ஊறாது! தூக்க மாத்திரை வகைகள் இரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால் உமிழ்நீருக்கு மிகச் சிறிதளவே வருகின்றன. கனடாவில் 2018-இல் முதலில் ஏற்கப்பட்ட கருவி 4 டிகிரிக்கும் 40 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் இயங்குவதற்கென அமைந்தது. கனடாவின் குளிர்காலத்தில் நீரே உறைந்துவிடும். அங்கே சாலையோரத்தில் நின்று இதை இயக்குவதெப்படி என்று பலர் கேட்டதில் வியப்பில்லை. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மறு முனையின் 40 டிகிரியைப் பற்றி நாம் கேட்க வேண்டியிருக்கும். எதிர்ப்பொருளும் வடிவத்தைப் பார்த்துப் பிடிப்பதேயன்றி ஆளை அறிந்து பிடிப்பதன்று. சாயலில் ஒத்த வேறு மருந்தையும் சில வேளை பற்றிக்கொள்ளும். ஆதலால் பட்டையில் தெரிவது ஐயம் மட்டுமே. ஆய்வகத்தில் நிறை நிரலியல் முறையில் சோதித்த பிறகுதான் அது சான்றாகும்.

ஐயத்துக்கும் சான்றுக்கும் உள்ள இடைவெளியை விக்டோரியா தொடக்கத்திலேயே கண்டுகொண்டது. திட்டம் தொடங்கியபோது பத்திரிகையாளர்களும் படக் கருவிகளும் சூழ்ந்து நின்றன. முதலில் நிறுத்தப்பட்டவர்களுள் ஒருவர் வேன் ஓட்டி வந்தவர். சாலையோரச் சோதனை அவரிடம் போதைப்பொருள் உண்டு என்றது. அவருடைய படம் நாடெங்கும் வெளியாயிற்று. பின்னர் ஆய்வகம் சோதித்தபோது ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. படத்தைப் பார்த்த அயலாரில் எத்தனை பேர் பிந்தி வந்த செய்தியையும் படித்திருப்பார்கள்?

இது ஒருவரின் கெட்ட நேரம் என்று ஒதுக்க முடியாது. கணித ஆசிரியை எங்களைக் கரும்பலகைக்கு அழைத்து ஒரு கற்பனைக் கணக்குக் கொடுத்தார். ஆயிரம் ஓட்டுநர்களைச் சோதிக்கிறோம். அவர்களில் 20 பேர் உண்மையில் போதைப்பொருள் உட்கொண்டவர்கள். கருவி, உட்கொண்டவரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைப் பிடிக்கும். உட்கொள்ளாதவரில் நூற்றுக்கு ஐவரைத் தவறாகப் பிடிக்கும். பார்வைக்கு நல்ல கருவிதான். கணக்கிட்டால், குற்றமுள்ள 20 பேரில் 18 பேர் அகப்படுவர். குற்றமற்ற 980 பேரில் 49 பேர் அகப்படுவர்! பிடிபட்ட 67 பேரில் பெரும்பாலோர் ஒரு பாவமும் அறியாதவர்கள். இதுவே நாங்கள் சென்ற ஆண்டு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த பேயீஸ் தேற்றம். இப்படி ஒரு வேலைக்கு அது பயன்படும் என்று அப்போது தெரிந்திருந்தால் இன்னும் அன்போடு படித்திருப்போம். விக்டோரியாவில் சாலையோரத்தில் ஒன்றுக்கு இரண்டாகச் சோதித்து, பிறகு ஆய்வகத்துக்கும் அனுப்புவதன் காரணம் இக்கணக்கில் அடங்கியிருக்கிறது.

அமெரிக்காவில் வேறொரு வழியும் உண்டு. கருவியை நம்பாமல் ஆளையே பார்ப்பது. ஒரு காலின் குதியை மறுகாலின் விரலோடு சேர்த்து வைத்து ஒன்பது அடி நடந்து திரும்ப வேண்டும். ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். நகரும் பேனாவைக் கண்ணால் தொடர வேண்டும். போதைப்பொருளுக்கெனத் தனிப் பயிற்சி பெற்ற காவலர்கள் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், கண்ணின் பாவை ஆகியவற்றைப் பார்த்துப் பன்னிரண்டு படிகளாகச் சோதிக்கின்றனர். லாஸ் ஏஞ்சலீஸ் காவல்துறையில் 1970-களில் உருவான முறை இது. எண்ணைத் தேடாமல் 'இவரால் வண்டி ஓட்ட இயலுமா?' என்ற நேரான கேள்வியைக் கேட்பதால் எங்களுக்கு இம்முறை பிடித்திருந்தது. ஆனால் நடக்கும் சோதனைகள் முதலில் மதுவை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டவை. பேனாவைத் தொடரும்போது குடித்தவரின் கண் துள்ளும்; கஞ்சா புகைத்தவரின் கண் பொதுவாகத் துள்ளாது. முழங்கால் வலியுள்ள முதியவரோ சொட்டு மது அருந்தாமலே தடுமாறுவார். எங்கள் வகுப்பில் ஒற்றைக் காலில் 30 நொடி நின்று பார்த்தோம். நால்வர் தோற்றோம். அவர்களில் ஒருத்தி வலைப்பந்து அணித் தலைவி!

சட்டம் இயற்றுவோரின் சங்கடமும் இதுவே. 'உடலில் இருந்தாலே குற்றம்' என்று எழுதினால் நிரூபிப்பது எளிது. தெளிந்த தலையோடு ஓட்டுகிறவரும் அகப்படுவார். 'ஓட்ட இயலாத நிலையில் இருந்தால் குற்றம்' என்று எழுதினால் அது நியாயம், நிரூபிப்பது கடினம். ஆஸ்திரேலியா முதல் வழியைத் தேர்ந்தது. அங்கே 2016 முதல் மருத்துவர் சீட்டில் கஞ்சா மருந்து பெறும் நோயாளிகள் உள்ளனர். டாஸ்மேனியா நீங்கலாக ஏனைய மாநிலங்களில், மருந்தை முறைப்படி உட்கொண்டவரும் உமிழ்நீரில் அது தெரிந்தால் குற்றவாளியாகும் நிலை இருந்தது. 2025-இல்தான் விக்டோரியாவில், இத்தகையோரின் ஓட்டுநர் உரிமத்தை ரத்து செய்யாமல் விடும் உரிமை நீதிபதிக்குக் கிடைத்தது. இங்கிலாந்தும் வேல்சும் மார்ச் 2015-இல் நடுவழி ஒன்றைக் கண்டன. சட்டத்துக்குப் புறம்பான பொருள்களுக்குப் பூச்சியத்தை ஒட்டிய எல்லை. மருத்துவர் தரும் மருந்துகளுக்கு ஆபத்தைப் பொறுத்து உயர்ந்த எல்லை. சொன்னபடி மருந்து உட்கொண்டு, ஓட்டும் திறனும் குன்றாமல் இருந்தால் அதைச் சொல்லித் தப்ப வழி. எங்கள் வாக்கு இதற்கே.

நம் நாட்டுச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறது. மதுவுக்கு எண். போதை மருந்துக்கோ, வண்டியைச் சரிவரக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு அதன் வயப்பட்டிருக்க வேண்டும் என்ற சொற்கள். இரண்டுக்கும் தண்டனை ஒன்றே: 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மருத்துவரைக் கொண்டு இரத்தம் எடுக்கவும் வழி உண்டு. ஆனால் நள்ளிரவில் நெடுஞ்சாலையில் தனித்து நிற்கும் காவலருக்கு, எண்ணைக் காட்டும் கருவி ஒன்றும் சொற்களை மட்டும் காட்டும் சட்டம் ஒன்றும் இருந்தால், அவர் கை எதன் பக்கம் போகும் என்பதைச் சொல்ல வேண்டுமா?

இவ்வளவையும் படித்து முடித்தபோது எங்களில் ஒருத்தி மட்டும் பேசாமல் இருந்தாள். அவளுடைய தந்தை சரக்கு லாரி ஓட்டுகிறவர். குடிக்க மாட்டார், வெற்றிலைகூடப் போட மாட்டார். தூசி ஒவ்வாமையால் தும்மல் ஓயாது வரும்போது மருந்துக் கடையில் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள் பல, உறக்கத்தை வருவிப்பவை என்று நாங்கள் படித்திருந்தோம். எந்தக் குழலில் ஊதினாலும், எந்தப் பட்டையில் துப்பினாலும் அவர் தேறிவிடுவார். கஞ்சாவைத் தேடும் கருவிக்குத் தும்மல் மாத்திரை தெரியாது.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போய் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். எல்லாம் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். மறுநாள் அதைக் கொண்டுவந்து சிஸ்டரிடம் காட்டினாள். அவர் பெயரைப் படித்துவிட்டு, "ஆம், இது தூங்க வைக்கும் வகைதான். மருத்துவரிடம் அழைத்துப் போ, உறக்கம் தராத மாத்திரைகளும் இருக்கின்றன" என்றார். தந்தை சரக்கு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார்; திரும்ப மூன்று நாள் ஆகும். இரவு அவள் கைப்பேசியில் அழைத்தாள். "அப்பா, தும்மல் மாத்திரை போட்டீங்களா?" "காலையில ஒண்ணு போட்டேம்மா. ஏன்?" "வண்டிய ஓரமா நிறுத்திட்டுக் கொஞ்சம் தூங்குங்கப்பா."

நிறுத்திவிட்டுத்தான் தூங்கினாராம்.